நர்சிங் பாடத்த தனியா படிக்கறதா, குரூப்பா படிக்கறதா?

செகண்ட் இயர் நர்சிங் படிக்கறேன், கூட இருக்கற நாலஞ்சு பேர் டெய்லி நைட் சேர்ந்து உக்காந்து படிக்கறாங்க, நானும் போறேன், அங்க இருக்கறப்ப எல்லாமே புரியுது, ஆனா எக்ஸாம் ஹால்ல ஃபார்மகாலஜி (மருந்து பத்தின பாடம்) சுத்தமா வர மாட்டேங்குது, தனியா உக்காந்தா தூக்கம் வருது, எது சரி, அதோட குரூப்ப விட்டு வந்தா ஃப்ரெண்ட்ஸ் தப்பா எடுத்துப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. நான் வார்டுல வேலை பாத்துட்டு அப்புறம் டீச்சிங் பக்கம் வந்தேன், ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது ஒருத்தர் இத வந்து கேக்கறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மண்டைல ஏத்தற வேலைய தனியா பண்ணுங்க. ஏத்தினத வெச்சு யோசிக்கற வேலை, வாய்விட்டு சொல்ற வேலை, கையால செஞ்சு பழகற வேலை, இதெல்லாம் நாலு பேரோட பண்ணுங்க. ரெண்டுமே வேணும், ஆனா எது முதல்ல வரணும்ங்கறதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. நீங்க எழுதினத பாத்தா தனியா பண்ண வேண்டிய பங்க பண்ணாமலே நேரா குரூப்ல போய் உக்காருறீங்கன்னு தோணுது, அதனால தான் அங்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு, வெள்ளை பேப்பர் முன்னாடி ஒண்ணும் வரல.

வார்டுல இன்சுலின், ஹெப்பாரின் மாதிரி மருந்து குடுக்கறப்ப ரெண்டு நர்ஸ் செக் பண்ணணும்னு சொல்லிக்குடுத்திருப்பாங்க. அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. முதல் ஆள் கணக்கு போட்டுட்டு "ரெண்டு மில்லி தானே, கொஞ்சம் பாரு"ன்னு காட்டினா ரெண்டாவது ஆளோட கண்ணு அந்த ரெண்ட தான் தேடும், தப்பா இருந்தாலும் தலையாட்டிட்டு போயிடுவாங்க. அதனால ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் பாக்கவே கூடாது, ஆர்டர எடுத்து தனித்தனியா கணக்கு போட்டு அதுக்கப்புறம் ரெண்டு விடையையும் பக்கத்துல வெச்சு பாக்கணும், அப்பதான் அது செக். குரூப் ஸ்டடியும் எனக்கு தெரிஞ்சு இப்படி நடந்தா தான் வேலைக்கு ஆகும். அவங்கவங்க தனியா ஒரு விடைக்கு வந்துட்டு அப்புறம் சேர்ந்து ஒப்பிடணும், ஒருத்தர் சொல்ல சொல்ல மத்தவங்க ஆமா ஆமான்னு கேட்டுட்டு இருந்தா நாலு பேருக்கும் ஒரே ஆளோட மூளை தான் ஓடுது.

ஏன் அங்க புரியற மாதிரி இருக்கு, ஆனா ஹால்ல வரலன்னா, புத்தகத்த பாத்தோ ஃப்ரெண்ட் சொல்லக் கேட்டோ "ஆமா இது தெரியும்"னு அடையாளம் கண்டுபிடிக்கறது ஒரு வேலை, ஒண்ணுமே இல்லாம உள்ளேருந்து எடுத்து எழுதறது வேற வேலை. 2006ல அமெரிக்கால ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு சைக்காலஜி ஆளுங்க காலேஜ் பசங்கள வெச்சு இத பரிசோதிச்சாங்க, ஒரு செட் பசங்க ஒரு பாடத்த ரெண்டு தடவ படிச்சாங்க, இன்னொரு செட் ஒரு தடவ படிச்சுட்டு ரெண்டாவது தடவ பாக்காம ஞாபகத்துலேருந்து எழுதினாங்க. 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்ப திரும்பப் படிச்சவங்க தான் ஜெயிச்சாங்க, 81 சதவீதம், எழுதினவங்க 75. ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப அப்படியே மாறிடுச்சு, படிச்சவங்க 42, எழுதிப் பாத்தவங்க 56. உங்க எக்ஸாம் அஞ்சு நிமிஷம் கழிச்சு வராதே, வாரக்கணக்கு மாசக்கணக்கு கழிச்சு தானே வருது, அதனால அந்த ராத்திரி கிடைக்கற திருப்திய நம்பாதீங்க.

குரூப்ல உக்காந்து ஞாபகப்படுத்தறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது. மூணு பேர் சேர்ந்து உக்காந்து ஒரு விஷயத்த ஞாபகப்படுத்தி சொல்றது, அதே மாதிரி மூணு பேர் தனித்தனியா எழுதி அத ஒண்ணா சேர்த்தா வர்றதவிட கம்மியா தான் இருக்கும். வெல்டன், பெல்லிஞ்சர்ங்கறவங்க 1997ல இத காட்டினாங்க, அதுக்கப்புறமும் நிறைய பேர் பண்ணிப் பாத்து அப்படியே தான் வந்திருக்கு. சொல்ற காரணம் என்னன்னா ஒவ்வொருத்தர் தலைலயும் விஷயம் ஒவ்வொரு வரிசைல அடுக்கியிருக்கும், நீங்க கிரேனியல் நர்வ (மூளைலேருந்து வர்ற 12 ஜோடி நரம்பு) ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா எடுத்துட்டு வர்றப்ப பக்கத்துல இருக்கறவ திடீர்னு பத்தாவத, "வேகஸ்!"னு கத்தினா உங்க வரிசை அறுந்து போகும். அவளுக்கு அது வந்துடுச்சு, உங்களுக்கு ஆறாவதோட நின்னு போச்சு.

சரி, தனியா எத படிக்கணும்னு பாப்போம். லேப் வேல்யூஸ் எல்லாம் தனியா தான், சோடியம் 135 லேருந்து 145, பொட்டாசியம் 3.5 லேருந்து 5, ஏபிஜில (ரத்தத்துல ஆக்சிஜன், ஆசிட் அளவு பாக்கற டெஸ்ட்) பிஎச் 7.35 லேருந்து 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 லேருந்து 45, பைகார்பனேட் 22 லேருந்து 26, இதெல்லாம் பேசி வர்ற விஷயம் இல்ல, எழுதி எழுதி தான் வரும். அனாட்டமி படம், 12 கிரேனியல் நர்வ், சுயநினைவு எவ்வளவு இருக்குன்னு அளக்கற கோமா ஸ்கேல்ல கண்ணுக்கு 4 பேச்சுக்கு 5 அசைவுக்கு 6னு எப்படி பிரியுது, பிறந்த குழந்தைக்கு போடற அப்கார் ஸ்கோர்ல என்னென்ன அஞ்சு பாக்கணும், எல்லாம் இதே கணக்கு தான்.

ஃபார்மகாலஜிக்கு தனியா சொல்லணும், ஏன்னா நீங்க அதுல தான் மாட்டிக்கறீங்க. மருந்து மருந்தா மனப்பாடம் பண்ணாதீங்க, அது கடல், முடியவே முடியாது. குடும்பம் குடும்பமா பிடிங்க, அட்டினலால் மெட்டோப்ரலால்னு லால்ல முடியறதெல்லாம் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கறது), எனலாப்ரில் ராமிப்ரில்னு ப்ரில்ல முடியறது ஏசிஇ இன்ஹிபிட்டர், சார்டன்ல முடிஞ்சா ஏஆர்பி (இது ரெண்டும் பிரஷர குறைக்கறது), ஸ்டாட்டின்னா பெரும்பாலும் கொலஸ்ட்ரால குறைக்கறது, ப்ரசோல்ல முடிஞ்சா பெரும்பாலும் வயித்து ஆசிட குறைக்கறது. (பூஞ்சைக்கான மருந்துல சிலதும் கோனசோல்னு முடியும், ப்ரசோலோட குழப்பிக்காதீங்க.) குடும்பத்துக்கு ஒரு வெள்ளை பேப்பர் எடுங்க, புத்தகத்த மூடிட்டு நாலே விஷயம் எழுதுங்க: உடம்புல என்ன பண்ணுது, குடுக்கறதுக்கு முன்னாடி நான் என்ன பாக்கணும், குடுத்த பிறகு என்ன பாக்கணும், பேஷண்ட்கிட்ட என்ன சொல்லணும். வரலன்னா காலியா விடுங்க, உடனே புத்தகத்த திறக்காதீங்க, ஒரு நிமிஷம் கஷ்டப்பட்டு யோசிங்க, அந்த கஷ்டத்துல தான் விஷயம் ஒட்டுது. அப்புறம் வேற கலர் பேனால திருத்துங்க, ரெண்டு நாள் கழிச்சு அதே குடும்பத்த திரும்ப எழுதுங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. அந்த வேற கலர் கம்மியாகறத நீங்களே பாப்பீங்க.

ட்ரிப் கணக்கும் தனியா போட்டு தான் பழகணும். 1000 மில்லி ஃப்ளூயிட் 8 மணி நேரத்துல போகணும், ட்ரிப் செட்டுல 20 சொட்டுக்கு ஒரு மில்லின்னா, 1000 இன்டு 20, அத 480 நிமிஷத்தால வகுத்தா 41.67, அதாவது நிமிஷத்துக்கு 42 சொட்டு. செட்டு 15 சொட்டா இருந்தா 31. குரூப்ல கணக்கு நல்லா வர்ற ஒருத்தர் இருப்பார், அவர் சட்டுனு விடை சொல்லிடுவார், மத்தவங்க "ஓ ஆமா"ன்னு எழுதிப்பாங்க. ஆனா நைட் டியூட்டில பெட் பக்கத்துல நிக்கறப்ப அவர் உங்க கூட வரமாட்டார். அதனால ஒருத்தர் கேள்வி படிக்கட்டும், எல்லாரும் வாயத் திறக்காம தனித்தனி பேப்பர்ல போடட்டும், கடைசி ஆள் முடிக்கற வரைக்கும் யாரும் விடை சொல்லக் கூடாது, அப்புறம் ஒண்ணா காட்டுங்க. விடை வேற வேற வந்தா சந்தோஷப்படுங்க, அங்க தான் எல்லாரும் கத்துக்கப் போறீங்க.

இப்ப குரூப்போட பெரிய பலத்துக்கு வர்றேன். நர்சிங் எக்ஸாம்லயும் சரி வார்டுலயும் சரி, "இது என்ன"ங்கற கேள்வி கொஞ்சம் தான், "இப்ப நீ என்ன பண்ணுவ, யார முதல்ல பாப்ப"ங்கற கேள்வி தான் ஜாஸ்தி. இத தனியா படிச்சா ஒரு கோணம் தான் தெரியும். உதாரணத்துக்கு ஒரு கேஸ் வெச்சுக்குவோம். டியூட்டிக்கு வந்ததும் உங்ககிட்ட நாலு பேஷண்ட். ஒருத்தர் நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர், வலி பத்துக்கு ஆறுங்கறார். ரெண்டாவது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) பேஷண்ட், ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90 காட்டுது. மூணாவது தைராய்டு சுரப்பிய எடுத்து ஒரு நாள் ஆனவங்க, வாயச் சுத்தியும் விரல் நுனிலயும் மதமதன்னு இருக்குன்னு சொல்றாங்க. நாலாவது சுகர் பேஷண்ட், சாப்பாட்டுக்கு முன்னாடி 210. யார் முதல்ல?

ஒருத்தர் உடனே "ஏபிசி, அதாவது மூச்சு வழி, மூச்சு, ரத்த ஓட்டம்ங்கற வரிசை, மூச்சு தான் முதல்ல, சாச்சுரேஷன் 90, அவர தான் பாக்கணும்"பாங்க, கேக்க சரியா தான் இருக்கு. இன்னொருத்தர் "சிஓபிடில நிறைய பேருக்கு நாம வெக்கற டார்கெட்டே 88 லேருந்து 92 தானே, இவருக்கு இது எதிர்பாக்கறது"ன்னு மறிப்பாங்க. மூணாவது ஆள் "மதமதப்பு என்ன பெரிய விஷயமா, ஆறு மார்க் வலி இருக்கறவர விட்டுட்டு"ன்னு கேப்பாங்க, அப்ப தான் யாராவது தைராய்டுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கற பாராதைராய்டு ஆபரேஷன்ல அடிபட்டிருக்கலாமே, அடிபட்டா கால்சியம் இறங்குமே, கால்சியம் இறங்கினா தொண்டை இறுகி மூச்சே அடைக்கலாமேன்னு ஒவ்வொண்ணா எடுத்து கோப்பாங்க. அப்ப ஏபிசில ஏ யாருக்கு ஆபத்துல இருக்கு? மூணாவது பேஷண்டுக்கு. இந்த விவாதத்த ஒரு தடவ நேர்ல பண்ணினவங்களுக்கு தைராய்டெக்டமிக்கு (தைராய்ட எடுக்கற ஆபரேஷன்) அப்புறம் கால்சியம் குளுக்கோனேட்டும் ட்ரக்கியாஸ்டமி ட்ரேயும் (தொண்டைல மூச்சுக்கு வழி போடற சாமான்) ஏன் கைக்கெட்டற தூரத்துல வெக்கறோம்னு மறக்கவே மறக்காது, புத்தகத்துல அது ஒரே ஒரு வரி தான்.

"யாருக்குமே சரியா தெரியலன்னா குரூப்ல பேசி என்ன பிரயோஜனம்"னு கேக்கறவங்க இருக்காங்க. 2009ல சயின்ஸ் ஜர்னல்ல ஸ்மித் குழுவோட ஒரு ஆய்வு வந்துச்சு, ஜெனடிக்ஸ் கிளாஸ்ல பசங்கள முதல்ல தனியா விடை குடுக்க சொல்லி, பக்கத்துல இருக்கறவங்களோட பேச விட்டு, திரும்ப குடுக்க சொல்லி, அப்புறம் அதே கருத்துல வேற கேள்வி ஒண்ண தனியா குடுத்துப் பாத்தாங்க. பேசினதுக்கு அப்புறம் முன்னேற்றம் இருந்துச்சு, முதல்ல குழுல யாருக்குமே சரியான விடை தெரியாத இடத்துலயும் இருந்துச்சு. ஆனா கவனிங்க, முதல்ல தனியா, நடுவுல பேச்சு, கடைசில திரும்ப தனியா. அந்த வரிசைய தான் உங்களயும் பிடிக்க சொல்றேன்.

அடுத்தது ப்ராக்டிகல். ஆஸ்கி எக்ஸாம்ங்கறது 1975ல ஸ்காட்லாந்து டண்டீல ஹார்டன் குழு மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்காக எழுதி வெளியிட்ட முறை, இப்ப நர்சிங்லயும் பல இடத்துல அதான் நடக்குது, ஸ்டேஷன் ஸ்டேஷனா போய் செஞ்சு காட்டணும், செக்லிஸ்ட் வெச்சுக்கிட்டு ஒருத்தர் மார்க் போடுவாங்க. இத தனியா ரூம்ல உக்காந்து படிச்சு பாஸ் பண்றது ரொம்ப கஷ்டம். மூணு பேர் போதும், ஒருத்தர் செய்யணும், ஒருத்தர் பேஷண்ட், ஒருத்தர் செக்லிஸ்ட் பிடிச்சுட்டு நிக்கணும். கதீட்டர் (சிறுநீர் குழாய்) போட பழகறப்ப உங்க ஸ்டெரைல் க்ளவ் எங்க தெரியாம பட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியாது, உங்க கவனம் எல்லாம் ட்ரேல இருக்கும், பக்கத்துல நிக்கறவ கண்ணுல தான் அது படும். நெஞ்ச அழுத்தி உயிர் காக்கற சிபிஆர்லயும் அதே கதை, நிமிஷத்துக்கு 100 லேருந்து 120, ஆழம் 5 லேருந்து 6 சென்டிமீட்டர்னு எல்லாரும் ஒப்பிப்பாங்க, ஒரு நிமிஷம் தாண்டினதும் அழுத்தம் குறையுதுன்னு பாக்கறவங்க தான் சொல்ல முடியும்.

ஹேண்டோவரும் (பேஷண்ட் நிலைமைய அடுத்தவங்ககிட்ட சொல்லி ஒப்படைக்கறது) சேர்ந்து பழகுங்க. எஸ்பார் முறைல நிலைமை, பின்னணி, உங்க கணிப்பு, என்ன வேணும்னு கேக்கறது, நாலையும் ஒரு நிமிஷத்துக்குள்ள ஃப்ரெண்ட டாக்டரா நினைச்சு போன்ல சொல்ற மாதிரி சொல்லிப் பாருங்க. முதல் தடவ எல்லாரும் பின்னணிலயே மூழ்கிடுவாங்க, "எனக்கு நீங்க இப்ப வந்து பாக்கணும்"ங்கற வார்த்தைய சொல்லவே கூச்சப்படுவாங்க. அந்த கூச்சம் காலேஜ்லயே போகணும், ஏன்னா நிஜமான பேஷண்ட் மோசமாகறப்ப அந்த ஒரு வாக்கியம் தான் அவர காப்பாத்தும்.

குரூப்ல எத்தன பேர்னா மூணு, இல்ல நாலு. ஆள் கூடக் கூட ஒவ்வொருத்தர் போடற முயற்சி குறையும், 1979ல லட்டானேங்கறவர் குழு ஆளுங்கள கைதட்ட சொல்லி கத்த சொல்லி அளந்தப்ப கூட்டம் பெருசாக பெருசாக ஒருத்தருக்கான சத்தம் குறைஞ்சுட்டே போச்சு, கை தட்டறதுக்கே அப்படின்னா ஃப்ளூயிட் எலக்ட்ரோலைட் பாடத்துக்கு சொல்லவே வேணாம். நேரம் ஒரு மணி, மிஞ்சினா ஒன்றரை. டாபிக் முன்னாடி நாளே தெரிஞ்சிருக்கணும், எழுதிட்டு வராதவங்க அன்னிக்கு கேக்கலாம், ஆனா முதல்ல அவங்கள விளக்க சொல்லக் கூடாது, எழுதிட்டு வந்தவங்க சொல்லி முடிக்கட்டும்.

விளக்கறது யாருன்னு மாத்திக்கிட்டே இருங்க, இது ரொம்ப முக்கியம். எப்பவும் டாப்பரே விளக்கினா படிப்பு அவருக்கு தான் இன்னும் இறுகும், கேக்கறவங்களுக்கு கேட்ட சுகம் மட்டும் தான். யாருக்கு அந்த டாபிக் நடுங்குதோ அவங்க விளக்கட்டும், ஹார்ட் ஃபெயிலியர்ல கால் ஏன் வீங்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சு பாதில நிப்பாங்க, எங்க நின்னாங்களோ அங்க தான் ஓட்டை, அது தெரிஞ்சா அன்னிக்கு ராத்திரி அந்த ஒரு இடத்த மட்டும் தனியா உக்காந்து அடைச்சுடலாம்.

தப்பும் குரூப்ல வேகமா பரவும். தைரியமா சொல்றவங்க சொன்னதே எல்லாருக்கும் சரின்னு ஆயிடும். ரெகுலர் இன்சுலினயும் (சீக்கிரம் வேலை செய்யறது) என்பிஎச் இன்சுலினயும் (மெதுவா வேலை செய்யறது) ஒரே சிரிஞ்ச்ல எடுக்கறத வெச்சு நடக்கற சண்டைய நான் நிறைய பாத்திருக்கேன், ஒருத்தர் "என்பிஎச் முதல்ல"ம்பாங்க, இன்னொருத்தர் "ரெகுலர் முதல்ல"ம்பாங்க, ரெண்டு பேருமே பாதி சரி. காத்து முதல்ல என்பிஎச் பாட்டில்ல விடணும், அப்புறம் ரெகுலர்ல விடணும், மருந்த முதல்ல ரெகுலர்லேருந்து எடுக்கணும், கடைசில தான் என்பிஎச். இந்த மாதிரி இடத்துல ஓட்டு போட்டு முடிவு பண்ணாதீங்க, புத்தகத்த திறந்து அந்த பக்கத்த எல்லாரும் கண்ணால பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க.

இன்னொன்னு, ஆளுக்கு ஒரு சாப்டர் பிரிச்சு நோட்ஸ் எடுத்து ஷேர் பண்ணிக்கறது. தயவு செஞ்சு வேணாம். நோட்ஸ் எடுக்கறதே தான் படிப்பு, அடுத்தவங்க நோட்ஸ்ல அவங்களுக்கு எது தெரியாதோ அது இருக்கும், உங்களுக்கு தெரியாதது இருக்காது. அப்படியே வாட்ஸப் குரூப் பத்தியும் சொல்லிடறேன், க்ளினிக்கல் போஸ்டிங்ல பாத்த கேஸ பேசலாம், ஆனா பேஷண்ட் பேரு, பெட் நம்பர், கேஸ் ஷீட் போட்டோ, காயத்தோட போட்டோ எதுவும் அதுல போகக் கூடாது, படிப்புக்காக தானேங்கறது காரணமே ஆகாது.

தனியா உக்காந்தா தூக்கம் வருதுன்னு சொன்னீங்க. பாதி காரணம் சும்மா படிச்சுட்டே இருக்கறது, கை வேலை செய்யல. எழுத ஆரம்பிச்சா அந்த தூக்கம் குறையும், 25 நிமிஷம் எழுதி 5 நிமிஷம் எழுந்து நடங்க. மீதி பாதி நிஜமான அசதி, போஸ்டிங் முடிச்சு நாள் பூரா நின்னுட்டு வந்திருப்பீங்க, அப்ப தூங்கறது தான் சரி, படிச்சது மூளைல பதியறதுக்கே தூக்கம் வேணும், விடியக்காலைல எழுந்து எழுதுங்க. தனிமையே பிடிக்காதவங்களுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு, ஒரே ரூம்ல ஃப்ரெண்ட்ஸோட உக்காருங்க ஆனா அவங்கவங்க வேலைய பேசாம பண்ணுங்க, ஆள் பக்கத்துல இருக்கற தெம்பும் கிடைக்கும், மூளையும் உங்களோடதா இருக்கும்.

பாடம் ஒரு மொழில, வீட்டுல பேசறது வேற மொழிலன்னு இருக்கறவங்களுக்கு குரூப் இன்னும் கூடுதலா உதவும், உங்க பேச்சு மொழிலயே புரிஞ்சுக்குங்க, வெக்கமே படாதீங்க. ஆனா அன்னிக்கே தனியா உக்காந்து எக்ஸாம் மொழில அந்த விடைய ஒரு தடவ எழுதிடுங்க, புரிஞ்சும் எழுத வரலன்னு அழற பசங்க நிறைய பேர் இந்த ஒரு படிய விட்டவங்க தான்.

ஃப்ரெண்ட்ஸ் விஷயம். நீங்க குரூப்ப விட்டு வர வேணாம், அதனால அந்த பயமே வேணாம். இன்னிக்கு போய் "முதல் முக்கால் மணி நேரம் யாரும் பேசாம எழுதுவோமா, அப்புறம் ஒப்பிட்டு பேசலாம், எனக்கு ஃபார்மா நிக்கல, நீங்க தான் உதவணும்"னு கேளுங்க, உதவி கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கலன்னா சண்டை வேணாம், நீங்க மட்டும் ஒரு மணி நேரம் தாமதமா, எழுதின பேப்பரோட போங்க. போறப்ப மேல சொன்ன மாதிரி நாலு பேஷண்ட் கேள்வி ஒண்ணு நீங்களே தயார் பண்ணி எடுத்துட்டு போங்க, இந்த வாரம் ஃபார்மாங்கறதால ஒரு பேஷண்ட் டிகாக்சினும் (இதயத்துக்கான மருந்து) ஃப்ரூசமைடும் (நீர வெளியேத்தற மருந்து) சேர்த்து எடுக்கறவரா இருக்கட்டும், பொட்டாசியம் 3.1, பல்ஸ் 56, காலைலேருந்து வாந்தி, அடுத்த டோஸ் குடுப்பியா மாட்டியான்னு கேட்டுட்டு எல்லாரும் எழுதி முடிக்கற வரைக்கும் நீங்க வாயத் திறக்காதீங்க.